பெண்பிள்ளைகளுக்கான போல் வால்ட் (கம்பு ஊன்றித் தாண்டுதல்): ராமநாதபுரம் கரைப்பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை, பள்ளிப் போட்டி சீசன் வந்துவிட்டால் எனக்கு வருகிற போன்களில் பாதி இதைப் பற்றித்தான். மகள் நன்றாக ஓடுகிறாள், பி.டி. சார் போல் வால்ட் போடச் சொல்கிறார், அதில் போனால் வெளிநாட்டுப் போட்டி வரைக்கும் போகலாமாமே, நிஜமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தைரியத்தில் குறை இல்லை. குறை மெத்தையிலும் கம்பிலும்தான். கீழே பாதிக் கேள்விகள் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

பொம்பளப் பிள்ளைங்க இதெல்லாம் எப்போதிலிருந்து ஆடுகிறார்கள்?

ஆண்களுக்கு 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே இருந்தது. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது 2000-ல், சிட்னியில். நூறு வருஷத்துக்கு மேல் வேடிக்கை பார்க்க வைத்திருக்கிறார்கள், கேட்டால் உடம்பு தாங்காது என்பார்கள். சிட்னியில் அமெரிக்காவின் ஸ்டேசி டிராகிலா 4.60 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அதற்கு முந்தைய வருஷம் செவில் உலகச் சாம்பியன்ஷிப்பிலும் அவர்தான், அதே உயரம். பெண்களுக்கான அதிகாரபூர்வ உலக சாதனைப் பட்டியல் தொடங்குவதே 1992-ல் சீனாவின் சுன் சாய்யுன் தாண்டிய 4.05 மீட்டரோடுதான். ஆக, ஆரம்பித்து வைத்தது ஒரு ஆசியப் பெண். இளையோர் போட்டிகளில் பெண்கள் ஒலிம்பிக்குக்கு முன்பே இறங்கிவிட்டார்கள். 1998 ஜூனியர் உலகப் போட்டியிலும் 1999-ல் நடந்த முதல் உலக யூத் போட்டியிலும் பெண்கள் தாண்டியிருக்கிறார்கள்.

யூத், ஜூனியர், பதினெட்டு, இருபது... எதில் என் மகள் வருவாள்?

இதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். பிறந்தநாள் அன்று எத்தனை வயது என்று பார்ப்பதில்லை, போட்டி நடக்கிற வருஷத்தின் டிசம்பர் 31 அன்று எத்தனை வயது என்றுதான் பார்ப்பார்கள். அன்றைக்கு 16 அல்லது 17 என்றால் பதினெட்டுக்கு உட்பட்ட பிரிவு (யூத் என்பது இதைத்தான்), 18 அல்லது 19 என்றால் இருபதுக்கு உட்பட்ட பிரிவு (ஜூனியர் என்பது இது). 2009 ஜனவரியில் பிறந்தவளும் 2009 டிசம்பரில் பிறந்தவளும் ஒரே தட்டில்தான், அநியாயம்தான், ஆனால் விதி அப்படி. 16 முடித்தவள் திறமை இருந்தால் இருபதுக்கு உட்பட்ட உலகப் போட்டியிலும் இறங்கலாம்.

உலக அளவில் பதினெட்டுக்கு உட்பட்டோருக்கான யூத் சாம்பியன்ஷிப் 1999-ல் போலந்தின் பிட்கோஷ் நகரத்தில் தொடங்கி 2017 நைரோபியோடு நின்றுபோனது. இப்போது அந்த வயதுக்கு நமக்குப் பெரிய மேடை ஆசியப் போட்டிதான், 2015 தோஹாவில் தொடங்கியது, 2023-ல் தாஷ்கண்ட், 2025-ல் தம்மாம். இருபதுக்கு உட்பட்ட உலகப் போட்டி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும்: 2024-ல் லிமா, 2026-க்கு அமெரிக்காவின் யூஜீன். அங்கே ஒரு நாட்டிலிருந்து ஒரு பிரிவுக்கு அதிகபட்சம் இரண்டு பேர்தான் போக முடியும், நாடு எவ்வளவு பெரியதாக இருந்தாலும். அதில்லாமல் 2010-ல் சிங்கப்பூரில் தொடங்கிய இளையோர் ஒலிம்பிக் ஒன்றும் இருக்கிறது. சிங்கப்பூரில் ஸ்வீடனின் ஏஞ்சலிகா பெங்ட்சன் 4.30, 2014 நான்ஜிங்கில் சுவிட்சர்லாந்தின் ஏஞ்சலிகா மோசர் 4.36. இரண்டு பேரும் பிறகு பெரியவர்கள் மட்டத்திலும் பேர் வாங்கினார்கள்.

எவ்வளவு உயரம் தாண்டினால் வெளிநாடு போகலாம்?

தகுதி உயரம் போட்டிக்குப் போட்டி மாறும், அதனால் ஒரு எண்ணைச் சொல்லி ஆசை காட்ட மாட்டேன். ஆனால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள இதைப் பாருங்கள். 1999 யூத் போட்டியில் ரஷ்யாவின் யெலேனா இசின்பயேவா 4.10 தாண்டி ஜெயித்தார், அப்போது அவருக்கு 17 வயது. நம் தமிழ்நாட்டு சுரேகா 2014-ல் வைத்த இந்தியப் பெரியவர்கள் சாதனை 4.15. அதைத் தாண்ட 2022 ஆனது, அதுவும் தமிழ்நாட்டு ரோஸி மீனாதான், முதலில் 4.20, அடுத்த சில நாளில் 4.21. இன்னொரு பக்கம், 2018 தாம்பரே இருபதுக்கு உட்பட்ட உலகப் போட்டியில் செக் நாட்டின் ஸ்வாபிகோவா 4.51-ல் ஜெயித்தார், பின்லாந்தின் வில்மா முர்டோ 2016-ல் 17 வயதிலேயே உள்ளரங்கில் 4.71 தாண்டினார். இதைப் படித்துவிட்டு மகளைக் கம்பை வைத்துவிட்டு வரச் சொல்லாதீர்கள். பின்லாந்துப் பிள்ளைக்கு நம் பிள்ளையைவிட எலும்பு ஒன்றும் கூட இல்லை. குளிர்காலத்திலும் கூரைக்குக் கீழே தாண்ட மெத்தை இருக்கிறது, அளவளவாகக் கம்புகள் இருக்கின்றன, சின்ன வயதிலிருந்தே கற்றுத்தர ஆள் இருக்கிறது. வித்தியாசம் அங்கேதான்.

கையில் பலம் வேண்டுமா, காலில் வேகம் வேண்டுமா?

முதலில் வேகம். கம்பு உங்களைத் தூக்கிவிடுகிறது என்று நினைக்கிறார்கள், அது இல்லை. ஓடிவரும் வேகத்தைக் கம்பு வாங்கி வளைந்து வைத்துக்கொண்டு, நிமிரும்போது உயரமாகத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். பிளஸ் ஒன் இயற்பியல் போதும்: வேகத்தின் வர்க்கத்தை 19.6-ஆல் வகுத்தால் உடம்பின் நடுப்புள்ளி எவ்வளவு மேலே ஏறலாம் என்று தெரியும். விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வந்தால் 2.5 மீட்டர், 8 மீட்டர் வேகத்தில் வந்தால் கிட்டத்தட்ட 3.27 மீட்டர். நடுப்புள்ளி ஏற்கெனவே தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவில் இருப்பதால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். கணக்கு அப்படியே களத்தில் வராது, கொஞ்சம் வீணாகும், கொஞ்சத்தைக் கையும் வயிறும் சேர்த்துத் தள்ளிக் கூட்டும். ஆனாலும் வேகத்தில் ஒரு மீட்டர் வித்தியாசம் உயரத்தில் முக்கால் மீட்டராக வந்து நிற்பதைக் கவனியுங்கள். அதனால்தான் நூறு மீட்டரிலும் நீளம் தாண்டுதலிலும் வட்டார அளவில் இடம் பிடிக்கிற பிள்ளையைக் கொண்டுவரச் சொல்கிறோம்.

கை பலம் அப்புறம் வேலைக்கு வரும். கம்பை ஊன்றும் பெட்டி தரைக்குக் கீழே 20 சென்டிமீட்டர் ஆழம். கம்பின் அடியிலிருந்து 4.00 மீட்டரில் பிடித்தால் மேல்கை தரையிலிருந்து 3.80-ல்தான் இருக்கும். 4.20-ஐத் தாண்ட வேண்டுமானால் கையைவிட 40 சென்டிமீட்டர் மேலே உடம்பைத் தள்ள வேண்டும், அதுவும் தலைகீழாக இருக்கும்போது. கயிறு ஏறுவது, பாரில் தொங்கிக் காலைத் தலைக்கு மேல் கொண்டுபோவது எல்லாம் அதற்குத்தான்.

ஜிம்னாஸ்டிக் தெரிந்திருக்க வேண்டுமா?

தெரிந்தால் நல்லது, கட்டாயம் இல்லை. இசின்பயேவா சின்ன வயதிலிருந்து ஜிம்னாஸ்ட், உயரமாக வளர்ந்துவிட்டதால் அங்கே இடமில்லாமல் 15 வயதில் இங்கே வந்தவர். அதன் பிறகு 2005-ல் உலகத்திலேயே முதல் பெண்ணாக 5 மீட்டர், 2009-ல் சூரிச்சில் 5.06. நம் ஊரில் அந்த வசதி இல்லை, கரணம் போடவும் கையில் நடக்கவும் கற்றால் போதும்.

மூங்கில் கம்பில் பழகலாமா? வத்தை தள்ளுகிற கம்பு வீட்டிலேயே இருக்கிறதே?

வேண்டாம். 1942-ல் அமெரிக்காவின் கார்னிலியஸ் வார்மர்டாம் மூங்கிலில் 4.77 தாண்டியிருக்கிறாரே என்று ஒருத்தர் போனில் வாதாடினார். தாண்டினார்தான், ஆனால் அது தேர்ந்தெடுத்துப் பதப்படுத்திய மூங்கில், அவர் கைதேர்ந்த ஆள். நம் படகுக் கம்பு வளையாது, ஓடிவந்து ஊன்றினால் அந்த அதிர்ச்சி முழுக்கத் தோளுக்கும் முதுகுக்கும் வரும். வளைந்தால் இன்னும் மோசம், எங்கே பிளக்கும் என்று யாருக்கும் தெரியாது, பிளந்த மூங்கில் கத்தி மாதிரி.

சர்வதேச விதியில் கம்புக்குப் பொருள், நீளம், பருமன் எதற்கும் கட்டுப்பாடு கிடையாது. நடைமுறையில் எல்லாரும் கண்ணாடியிழை அல்லது கார்பன் கலந்த கம்புதான். ஒவ்வொன்றின் மேலும் நீளமும், எத்தனை கிலோ அல்லது பவுண்டு எடைக்கானது என்பதும் அச்சிட்டிருக்கும். ஆரம்பத்தில் 3 மீட்டர் சொச்சம் உள்ள கம்பு, முன்னேற முன்னேற நீளமும் விறைப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். இங்கேதான் நம் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள். பள்ளியில் ஒரே கம்பு, அதுவும் யாரோ அண்ணன் ஆடிய கம்பு, விறைப்பு அதிகம், வளையவே வளையாது. பிள்ளை பெட்டியில் ஊன்றுவாள், 'டக்' என்று சத்தம் வரும், கம்பு அவளை ஓடுபாதைக்கே திருப்பித் தள்ளிவிடும். பார்க்கிறவர்கள் பயந்துவிட்டாள் என்பார்கள். பயம் இல்லை, அவளுக்குத் தப்பான கம்பு. தன் எடைக்குக் கீழே அச்சிட்ட கம்பை எடுத்து ரொம்ப மேலே பிடிப்பதும் ஆபத்துதான், அது தாங்காமல் ஒடியும்.

புதுக் கம்பு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வரி, சரக்குக் கூலி எல்லாம் சேர்த்தால் அரை லட்சத்தைத் தாண்டிவிடும். ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷத்துக்கே மூன்று நாலு தேவைப்படலாம். ஒரு குடும்பம் தனியாக வாங்கிக் கட்டுப்படியாகாது. நாலைந்து பள்ளிகள் சேர்ந்து ஒரு தொகுப்பாக வாங்கி, மாறி மாறிப் பயன்படுத்துவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. கம்புக்கு ஒரு பதிவேடு, யார் கையில் இருக்கிறது என்று.

விழுந்து அடிபடாதா?

படும். மெத்தை சரியாக இருந்தால் பெரும்பாலும் சிராய்ப்போடு போகும், இல்லையென்றால் வாழ்க்கையே போகலாம், அதனால் இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பெரிய சர்வதேசப் போட்டிகளில் விழும் மெத்தை குறைந்தது 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 80 சென்டிமீட்டர் உயரம், முன்பக்கம் பெட்டியைச் சுற்றி வருகிற துண்டுகள் அதில் சேராது. உயரம் தாண்டுதல் மெத்தையை இழுத்துப்போட்டு ஒப்பேற்றக் கூடாது. மகளைச் சேர்ப்பதற்கு முன் நீங்களே போய் மெத்தையைக் கையால் அழுத்திப் பாருங்கள். நம் வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் மூடாமல் போட்ட மெத்தைக்குள் பஞ்சு நைந்து, நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். பெட்டிக்குள் மண் சேர்ந்திருக்கிறதா, பெட்டியின் ஓரங்களில் மெத்தை வளையம் இருக்கிறதா, பார் (தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பி) நிற்கிற இரும்புக் கால்கள் உப்புக்காற்றில் துருப்பிடித்து ஆடுகின்றனவா, இதையும் பாருங்கள். சங்கடப்பட வேண்டாம், உங்கள் பிள்ளை.

கம்பும் ஒடியும். 2019 தோஹா உலகச் சாம்பியன்ஷிப்பில் பெங்ட்சன் 4.80-க்குப் போகும்போது கம்பு ஒடிந்தது, எழுந்து வேறு கம்பை எடுத்து அதே 4.80-ஐத் தாண்டி ஸ்வீடன் சாதனை வைத்தார். கம்பு ஒடிந்தால் அந்த முயற்சி தோல்விக் கணக்கில் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கடற்கரை மணலில் பயிற்சி செய்யலாமா?

தாண்டுவதற்கு இல்லை. மற்றதற்கு நம் கரை மாதிரி வராது. தண்ணீர் வாங்கி இறுகிய மணலில் காலையில் ஓடலாம், கம்பைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து ஓடிப் பழகலாம், கடைசி மூன்று எட்டில் கம்பைத் தலைக்கு மேல் உயர்த்துகிற அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். பள்ளி நீளம் தாண்டுதல் குழியில், சின்னக் கம்பைத் தாழ்வாகப் பிடித்து, மணலில் ஊன்றிக் காலால் இறங்குகிற பயிற்சியும் உண்டு. பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க வேண்டும். அரிச்சல்முனை, அரியமான் பக்கம் செருப்பில்லாமல் ஓடவிடாதீர்கள், சங்கு, சிப்பி, வலைக்கயிறு, பாட்டில் துண்டு எல்லாம் கிடக்கும்.

ஆடி மாசக் காற்றில் என்ன செய்வது?

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம் பக்கம் மைதானத்தில் பாரே நிற்காது. விதிப்படி போல் வால்ட்டில் காற்று வேகத்துக்கு வரம்பு கிடையாது, நூறு மீட்டர், நீளம் தாண்டுதல் மாதிரி காற்று அதிகம் என்று சாதனையைத் தள்ள மாட்டார்கள். அதனால் முதுகுக் காற்று யோகம்தான், தெரிந்து பயன்படுத்தினால். பின்னாலிருந்து அடித்தால் எட்டு நீளும், பெட்டிக்கு ரொம்பப் பக்கத்தில் போய்க் காலை வைப்பாள். ஆரம்பிக்கிற குறியை ஒரு அடி, ஒன்றரை அடி பின்னால் தள்ள வேண்டும். எதிர்க்காற்றுக்கு நேர்மாறு. மோசமானது பக்கக் காற்று, கம்பின் நுனியை இழுத்துப்போகும், மெத்தையின் ஓரத்தில் கொண்டுபோய் இறக்கும். பக்கக் காற்று பலமாக இருக்கிற நாளில் தாண்ட வேண்டாம், ஓடிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு நல்லதும் உண்டு. காற்றைப் படிப்பது இவர்களுக்குப் பழக்கம். வாடையா கொண்டலா என்று அப்பா படகு தள்ளுவதற்கு முன் பார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஓடுபாதை ஓரம் காற்றுப்பை தொங்கும், அது கொஞ்சம் தணியட்டும் என்று காத்து நிற்கிற பொறுமை கடல் பார்க்காத ஊர் அரங்கத்துப் பிள்ளைக்கு வருவதற்கு ரொம்ப நாளாகும்.

போட்டி எப்படி நடக்கும்? யார் ஜெயித்தார் என்றே புரியவில்லை.

பார் ஒவ்வொரு உயரமாக ஏறும். எந்த உயரத்தில் தொடங்குவது என்பது அவள் இஷ்டம், நடுவில் ஒரு உயரத்தை 'பாஸ்' என்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகவும் செய்யலாம். தொடர்ச்சியாக மூன்று தோல்வி என்றால் வெளியே. இந்த மூன்று ஒரே உயரத்தில்தான் வர வேண்டும் என்றில்லை: 3.60-ல் ஒரு தடவை தட்டிவிட்டு, பாஸ் சொல்லி 3.70-க்குப் போனால், அங்கே மிச்சம் இரண்டு வாய்ப்புதான்.

சமநிலை வந்தால்தான் சண்டை. இரண்டு பேரும் 3.80 தாண்டி 3.90-ல் விழுந்தார்கள் என்று வையுங்கள். 3.80-ஐ ஒருத்தி முதல் முயற்சியில், இன்னொருத்தி இரண்டாவதில் தாண்டியிருந்தால் முதல் ஆள் மேலே. அதிலும் சமம் என்றால் அந்த 3.80 வரைக்கும் மொத்தம் யார் குறைவாகத் தட்டினார்கள் என்று பார்ப்பார்கள். அதனால்தான் சுலபமான உயரத்தில் அலட்சியமாகத் தட்டினால் நான் கத்துகிறேன். முதலிடத்துக்கு அதிலும் சமம் என்றால் மறுபடி தாண்டவைத்து முடிவு செய்கிற மோதல் சுற்று, அல்லது இருவரும் பகிரலாம். 2023 புடாபெஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப்பில் அமெரிக்காவின் கேட்டி மூனும் ஆஸ்திரேலியாவின் நினா கென்னடியும் 4.90-ல் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பிள்ளைகள் வழக்கமாகக் கோட்டைவிடுகிற இடங்கள் வேறு. பாரைப் பெட்டியின் பின்விளிம்பிலிருந்து மெத்தைப் பக்கமாக 80 சென்டிமீட்டர் வரை நகர்த்திக்கொள்ளலாம், ஆனால் எங்கே வேண்டும் என்று அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெளியூர்ப் போட்டியில் கூச்சப்பட்டுப் பேசாமல் நிற்பார்கள், கடைசி நேரத்தில் மாற்றச் சொன்னால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். நிறையப் பேர் களத்தில் இருக்கும்போது ஒரு முயற்சிக்கு ஒரே நிமிஷம். தரையை விட்ட பிறகு கீழ்க்கையை மேல்கைக்கு மேலே கொண்டுபோகக் கூடாது, மேல்கையை இன்னும் ஏற்றவும் கூடாது. ஆடுகிற பாரைக் கையால் பிடித்து நிறுத்தக் கூடாது. பார் பக்கம் சாய்கிற கம்பை ஓடிப்போய் யாரும் பிடிக்கக் கூடாது, உதவி செய்கிறேன் என்று தம்பி பிடித்து, பிடிக்காவிட்டால் பார் விழுந்திருக்கும் என்று நடுவர் நினைத்தால் அக்காவுக்குத் தோல்வி.

உடை எப்படி? முழுக்கால் உடையும் தலைத்துணியும் போடலாமா?

கீழக்கரை, பெரியபட்டணம் பக்கமிருந்து அடிக்கடி வருகிற கேள்வி. விதி கேட்பது உடை சுத்தமாக, பிறர் ஆட்சேபிக்க இடமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான், நாட்டுக்காக ஆடும்போது நாட்டு அணி உடை. முழுக்கால் லெகின்ஸ், முழுக்கை, இறுக்கமான தலைத்துணி எதுவும் தடை இல்லை. தொளதொளவென்று மட்டும் வேண்டாம், துணி பட்டு பார் விழுந்தாலும் அது தோல்விதான். பின்னலையும் சுருட்டிக் கட்டிவிடுங்கள்.

எடை குறைக்கச் சொல்கிறார்கள், சாப்பாட்டைக் குறைக்கலாமா?

வளர்கிற வயதில் கூடாது. கம்புக்கு ஏற்ற மாதிரி பிள்ளையைச் சுருக்காதீர்கள், பிள்ளைக்கு ஏற்ற கம்பைத் தேடுங்கள். சோறு, மீன், முட்டை, பயறு, கீரை, வீட்டில் உள்ளதே போதும், பவுடர் டப்பா தேவையில்லை. பயிற்சி தொடங்கிய பிறகு மாதவிடாய் மூன்று மாதம் வராமல் நின்றால் 'விளையாடினால் அப்படித்தான்' என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். உடம்புக்குச் சாப்பாடு பத்தவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம், எலும்பு பலமும் போகும். டாக்டரிடம் காட்டுங்கள்.

சளிக்கு மாத்திரை கொடுக்கலாமா? ஊக்கமருந்து என்று பிடித்துவிடுவார்களா?

பிடிக்கலாம். சில சளி மருந்துகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும், போட்டி நேரத்தில் அளவு மீறினால் மாட்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்காமல், பிள்ளை போட்டிக்குப் போகிறாள் என்று சொல்லி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வீசிங்குக்கு அடிக்கிற சால்பியூட்டமால் இன்ஹேலர் ஒரு அளவு வரை அனுமதி உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களையும் சோதிப்பார்கள், அப்போது கூடப் பெரியவர் ஒருத்தர் இருக்கலாம், தனியாக அனுப்பாதீர்கள்.

இவ்வளவு நீளக் கம்பை எப்படிக் கொண்டுபோவது?

பெரிய தலைவலி. ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் ஏற்றவே கண்டக்டரோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். ரயிலில் முன்கூட்டியே பார்சல் ஆபீசில் கேட்டு எழுதி வாங்குங்கள், பிளாட்பாரத்தில் போய் நின்று கெஞ்சாதீர்கள். விமானம் என்றால் எத்தனை மீட்டர் வரை ஏற்றுவார்கள் என்பது விமானத்துக்கு விமானம் மாறும், டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டும். கம்புகளைத் துணி சுற்றி, தடித்த பி.வி.சி. குழாயில் போட்டு இரண்டு பக்கமும் மூடுங்கள். சின்னக் கீறல்கூடப் பின்னால் ஒடிகிற இடமாக மாறும். வீட்டில் வெயில் படாத இடத்தில் படுக்கவைக்க வேண்டும், மொட்டைமாடியில் வேண்டாம், துணி காயப்போடவும் வேண்டாம்.

பக்கத்தில் எங்கே கற்றுக்கொள்ளலாம்?

ஆரம்பம் உங்கள் பள்ளி பி.டி. டீச்சரும் ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கமும்தான், அங்கே மாவட்ட விளையாட்டு அலுவலரைக் கேட்டால் யாரைப் பார்ப்பது என்று சொல்வார்கள். மதுரை எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் செயற்கை ஓடுதளம் இருக்கிறது, சென்னை நேரு விளையாட்டரங்கில் தேசியப் போட்டிகளே நடக்கின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்குத் தேர்வு வைத்து எடுப்பார்கள், தங்க இடமும் சாப்பாடும் படிப்பும் சேர்ந்து வரும், மகளை வெளியூர் அனுப்ப மனசு இருந்தால் அதைப் பாருங்கள்.

பேப்பர் எதெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று, பாஸ்போர்ட். நாலிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, பிறந்த தேதி பள்ளியில் சேர்க்கும்போது சொன்னது வேறு என்று இருக்கும். அணியில் பெயர் வந்த பிறகு திருத்த ஓடினால் நேரம் பத்தாது. எட்டாம் வகுப்பிலேயே சரி செய்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது.